இரண்டு சுற்றுக் கம்பி

அக்கா கேட்டது ஒரே ஒரு பொருள்தான்.

“அந்த வண்டியில உக்காந்தாலே பெட்ரோல் வாடை குடலைப் புரட்டுதுடா. தீயணைக்கிற சிலிண்டர் ஒண்ணு வெச்சுக் குடு. அவர் ஏதாவது சொன்னா நான் பாத்துக்கறேன்.”

அரை நாள் வேலை என்று நினைத்துத் தம்பி தலையாட்டினான். மெக்கானிக், வயது ஐம்பத்துமூன்று. இரண்டு முட்டியும் தேய்ந்து, மாடிப்படியைக் கண்டாலே பெருமூச்சு விடுகிறவன். ஆனாலும் அக்காவுக்கு அவன் தம்பிதான். நமக்கும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். அந்த அரை நாள் வேலை மூன்று வாரம் அவன் உயிரை வாங்கியது.

காரணம் அத்தான். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே தேடிப் பிடித்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டே சீட், மேலே கூரை கிடையாது, தரையோடு தரையாகக் கிடக்கும் சிவப்பு வண்டி. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் செய்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு சுற்று போய்வருவார். அக்காவுக்கு அதில் துளிக்கூட இஷ்டமில்லை. நெஞ்சில் ஒரு முறை வலி வந்த மனிதரைத் தனியாக அனுப்ப மனசு கேட்காமல் பக்கத்து சீட்டில் போய் உட்காருவாள்.

தம்பி மூன்று சிலிண்டர் கொண்டுவந்து பட்டறை மேஜையில் வரிசையாக வைத்தான். முதலாவது பவுடர்.

“தீ அடங்கிடும் அத்தான். ஆனா பவுடர் சந்து பொந்தெல்லாம் புகுந்துடும். கார்புரேட்டர் அலுமினியம் இல்லையா, உடனே கழுவலேன்னா அரிச்சுடும்.”

“அப்ப அது வேண்டவே வேண்டாம்.”

மற்ற இரண்டும் தீயை அணைக்கிற கேஸ். அடித்த பிறகு தடயமே இருக்காது. அத்தான் இரண்டையும் வெயிலில் கொண்டுபோய் வண்டிக்குப் பக்கத்தில் வைத்து, தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இந்தச் சிவப்பும் என் வண்டிச் சிவப்பும் சண்டை போடுதே மாப்ளே. வெள்ளி நிறத்துல கிடைக்காதா?”

தீப்பிடித்தால் யாரும் நிறம் பார்க்கப் போவதில்லை என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அத்தானோடு வாதாடி ஜெயித்தவர் எவரும் இல்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் படுத்திருப்பவர்களிடமே நாற்பது வருஷம் பேசிப் பழகியவர்.

அவர் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தம்பி பார்த்தது வேறு. அக்காவின் வலது கை விரல்கள் இரண்டு வருஷமாக முழுசாக மடங்குவதில்லை. மூட்டு வீக்கம். கண்ணாடி டம்ளர் கை தவறி உடைந்தால், “கையில ஓட்டை இருக்கு இவளுக்கு” என்று அத்தான் சிரிப்பார். சிலிண்டரின் கைப்பிடியைத் தவறுதலாக யாரும் அழுத்திவிடாமல் குறுக்கே ஒரு பின் செருகியிருக்கும். அதன் நுனியில் ஒரு வளையம். அந்த வளையத்தை இழுத்தால்தான் சிலிண்டர் வேலை செய்யும். தம்பி அக்காவை அழைத்து இரண்டு கேஸ் சிலிண்டரிலும் இழுக்கச் சொன்னான். ஒன்று அசையவில்லை. இன்னொன்று இரண்டு விரலுக்கே வழுக்கிக்கொண்டு வந்தது. மூன்று தரம் மாட்டி, மூன்று தரம் இழுக்கச் சொன்னான். மூன்று தரமும் வந்தது.

“இதுதான்,” என்றான்.

அடுத்து, எங்கே மாட்டுவது. டிக்கியில் வைக்கச் சொன்னார் அத்தான். அவசரத்துக்கு டிக்கிச் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்றான் தம்பி. சீட்டுக்குப் பின்னால் வைத்தால் பெல்ட் போட்ட பிறகு கை எட்டாது. அக்காவின் சீட்டுக்கு முன்புறம், முட்டிக்குக் கீழே தரையில், குறுக்காகப் படுக்க வைப்பதுதான் சரி. இருவருக்குமே எட்டும்.

“தரையில துளை போடணுமா?” அத்தானின் முகம் செத்துவிட்டது.

“ரெண்டே ரெண்டு போல்ட் அத்தான்.”

“அந்தத் தகரம் ஐம்பது வருஷமா துளை பாக்காத தகரம்.”

ஊரார் பல்லையெல்லாம் துளைத்துத் தள்ளிய மனிதர், தன் வண்டியில் ஒரு துளைக்குச் சம்மதிக்கவில்லை. தம்பி இரண்டு நாள் யோசித்தான். கடைசியில் சீட்டின் முன்பக்க போல்ட் இரண்டையும் கழற்றி, அதே துளைகளில் பொருந்துகிற மாதிரி ஓர் இரும்புப் பட்டை வெட்டி, அதன் மேல் கிளாம்ப்பை வைத்து முடுக்கினான். சிலிண்டரோடு வந்த பிளாஸ்டிக் கிளாம்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்பில் வாங்கினான். ஒரு குலுக்கலில் பிளாஸ்டிக் உடைந்து சிலிண்டர் உருண்டு பிரேக்குக்கு அடியில் போய் நின்றால் தீயே தேவையில்லை. கால் வைக்கிற குழிக்குள் தலைகீழாகக் கிடந்து அதை முடித்து வெளியே வந்தபோது இடுப்பு அவனுடையதாகவே இல்லை.

முடிந்தது என்று நினைத்தான். செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

“மாப்ளே, ஒரு சத்தம். கிணிங் கிணிங்னு.”

பின்னின் வளையம் சிலிண்டரின் கழுத்தில் தட்டுகிற சத்தம். தம்பி ஒரு ரப்பர் துண்டு ஒட்டினான். வெள்ளிக்கிழமை மறுபடி போன். ரப்பரை மாற்றி, டேப் சுற்றினான். வெயில் சூட்டில் டேப் இளகி விழுந்தது. அடுத்த புதன்கிழமை அத்தான் வண்டியோடு நேரில் வந்து நின்றார். தம்பி அப்போது ஒரு வேனின் கியர்பாக்ஸை இறக்கி வைத்துவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

“எப்படியோ இந்தச் சத்தம் நிக்கணும். எப்படின்னு எனக்குத் தெரிய வேண்டாம்.”

தம்பி மெல்லிய கட்டுக்கம்பியை எடுத்தான். வளையத்தையும் கைப்பிடியையும் சேர்த்து இரண்டு சுற்று சுற்றி, பிளேயரால் முறுக்கி, அக்காவின் காலில் கீறிவிடாமல் நுனியை உள்பக்கமாக மடித்துவிட்டான். அவன் கம்பி கட்டினால் அப்படித்தான், நுனி வெளியே தெரியாது. வண்டி கிளம்பிப் போனது. சத்தம் இல்லை. அவனுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

அப்புறம் மறந்துவிட்டான் என்று சொன்னால் பொய். மறக்கவில்லை. அடுத்த வாரம் அதை அவிழ்த்துவிட்டு மெல்லிய ரப்பர் வளையம் ஏதாவது போட வேண்டும் என்று நினைத்தான். அடுத்த வாரமும் அதையேதான் நினைத்தான். எழுந்து போக உடம்பு வரவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே ஒரு மேட்டில், வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. பானெட் இடுக்கிலிருந்து புகை, புகைக்குப் பின்னால் தீ. அத்தான் இறங்கி ஓடிப் பானெட்டோடு மல்லுக்கட்டினார். அக்கா சிலிண்டரைக் கிளாம்ப்பிலிருந்து சரியாகவே கழற்றினாள். வளையத்தை இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். பல்லால் கடித்துக்கூட இழுத்தாள். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு நடு ரோட்டில் போய் நின்று கையை ஆட்டினாள். நின்ற லாரியிலிருந்து டிரைவர் இறங்கி, தன்னிடமிருந்த பெரிய சிலிண்டரைக் காலி செய்தார். பவுடர்தான்.

உயிருக்கு ஒன்றுமில்லை. அத்தானின் உள்ளங்கை இரண்டும் வெந்துபோயின. வண்டியின் முன்பாதி கரி.

திங்கட்கிழமை வண்டி பட்டறைக்கு வந்தது. எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் பவுடர் படிந்திருக்க, யாரோ பொறுக்கிப் போட்ட சிலிண்டர் அக்காவின் கால் வைக்கிற இடத்தில் கிடந்தது. தம்பி அதை எடுத்துத் திருப்பினான். வளையம் போட்டது போட்டபடி இருந்தது. இரண்டு சுற்று, முறுக்கு, உள்ளே மடித்த நுனி. சிலிண்டரை ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

மறுநாள் பார்க்கப் போனான். அத்தான் இரண்டு கையிலும் கட்டோடு, வந்தவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“எல்லாமே இருந்துச்சு. நல்ல சிலிண்டர், சரியான இடம். மாப்ளே பாத்துப் பாத்து மாட்டினது. இவ கை வரல, அவ்வளவுதான். பாவம், அவளைச் சொல்லி என்ன பண்றது?”

அக்கா வலது கையை மடியில் வைத்து, இடது கையால் மூடியிருந்தாள். அவள் நூலகத்தில் வேலை பார்க்கிறவள்; தினமும் தன் சின்னக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போவாள். அந்தச் சாவியை மகள் வாங்கி வைத்துக்கொண்டாள் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது.

“நானேதான் குடுத்தேன்,” என்றாள் அக்கா. “ஒரு வளையத்தை இழுக்க முடியாத கை, ஸ்டியரிங்கைப் பிடிச்சு யாரு மேல ஏத்துறதுக்கு? வேலையையும் விட்டுடலாம்னு இருக்கேன்.”

தம்பி காபியைக் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வேலை கிடக்கிறது என்று சொல்லிக் கிளம்பினான். தன்னைவிடக் கேவலமான பிறவி அந்தத் தெருவில் இல்லை என்று நினைத்துக்கொண்டே நடந்தான். நினைத்ததோடு சரி.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் அவர்கள் பட்டறை வாசலில் நின்றார்கள். ஓட்டிக்கொண்டு வந்தது மகள். அத்தான் காரைவிட்டு இறங்கவில்லை. அந்தக் கரியைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. அக்கா மட்டும் உள்ளே வந்தாள். வண்டியைச் சுற்றி வந்து, உருகிய விளக்கைத் தொட்டாள்.

“என் கையாலதான்டா போச்சு.”

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அந்தக் குரலைத் தம்பியால் தாங்க முடியவில்லை. அலமாரியைத் திறந்தான். துணியைப் பிரித்து, சிலிண்டரை மேஜை மேல் வைத்து, விளக்கைப் போட்டான்.

“அக்கா, கண்ணாடியப் போட்டுப் பாரு. வளையத்துக்குக் கீழ.”

அவள் குனிந்து பார்த்தாள். விரலால் தடவினாள். நுனியைத் தேடினாள், கிடைக்கவில்லை.

“என்னது இது?”

“கம்பி. நான் சுத்தினது. சத்தம் வருதுன்னு அத்தான் உசிரை எடுத்தாரு. அன்னிக்கு எனக்கு முடியல. சுத்திட்டேன். பயில்வான் வந்தாலும் அதை இழுத்திருக்க முடியாது.”

அவள் நிமிரவில்லை. அவன் கட்டிங் பிளேயரை எடுத்துக் கம்பியை வெட்டினான். இரண்டு துண்டாக மேஜையில் விழுந்தது.

“இப்ப இழு.”

அக்கா வீங்கிய இரண்டு விரலை வளையத்துக்குள் விட்டாள். பின் வழுக்கிக்கொண்டு வந்தது. அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“திங்கக்கிழமை.”

“செவ்வாக்கிழமை வந்து காபி குடிச்சிட்டுப் போனே.”

அவன் மேஜையில் கிடந்த கம்பித் துண்டுகளைப் பொறுக்கினான்.

“அஞ்சு நாளா இந்தக் கையத் தலைகாணிக்கு அடியில வெச்சுக்கிட்டுத் தூங்கறேன்டா,” என்றாள். “பாக்கப் பிடிக்காம.”

அவன் அழுதான். ஐம்பத்துமூன்று வயசு ஆள், கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்து, முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு. அக்கா சமாதானம் சொல்லவில்லை. அழுது முடிக்கட்டும் என்று நின்றாள். பிறகு பின்னை அவனிடம் நீட்டினாள்.

“இதைத் திரும்ப மாட்டு.”

மாட்டினான். பழக்கத்தில் கை கம்பிச் சுருள் பக்கம் போனது. அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“அவரைக் கூப்பிடு. அவளையும் வரச் சொல்லு, என் சாவியோட.”

தம்பி வாசலுக்குப் போனான். “அத்தான், இறங்கி உள்ள வாங்க.”

“என்னால பாக்க முடியாது மாப்ளே.”

“வண்டியப் பாக்க இல்ல. வாங்க.”

அத்தான் கட்டுப்போட்ட கைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். உள்ளே அக்கா சிலிண்டரைக் கையில் தூக்கிப் பிடித்து நின்றிருந்தாள். கை நடுங்கியதில் வளையம் அதன் கழுத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. வாசற்படியில் கால் வைக்கும்போதே அத்தானுக்கு அந்தக் கிணிங் கிணிங் சத்தம் கேட்டுவிட்டது.