சனிக்கிழமை முழுக்கும் ஆறு சுற்றுக் கம்பியும்

குகநேசன் சிகரெட்டை விட்டுவிட்டார் என்பது ஒஸ்லோவில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். விட்ட கையோடு வேப் என்கிற மின்சிகரெட்டைப் பிடித்துக்கொண்டார் என்பது அவருடைய மனைவி உதயகுமாரியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். உதயகுமாரிக்கும் தெரியும் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

காட்டிக்கொடுத்தது சுவாமித் தட்டு. மாசி மாதம் ஒரு பைக்கற் விளக்குத் திரி இரண்டே கிழமையில் முடிந்துவிட்டது. அந்த வீட்டில் விளக்கு ஏற்றுவது வெள்ளிக்கு வெள்ளி. அதோடு மனிசன் கிட்ட வந்தால் மாம்பழமும் கற்பூரமும் கலந்த ஒரு வாசம். மாம்பழம் எங்கிருந்து வந்ததோ, கற்பூரம் திரிப் பைக்கற்றுக்குப் பக்கத்தில்தான் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். தேடினாள். அவருடைய பழைய குளிர்காலச் சப்பாத்துக்குள், ஒரு காலுறையில் சுற்றியபடி, கைக்கு அடக்கமாக அந்தச் சாமான் இருந்தது. மூடியைத் திருகிக் கழற்றினாள். உள்ளே, பூனை விளையாடிப்போட்ட நூல்போல ஒரு கம்பிச்சுருள். அதற்குள் பிள்ளையாருக்கு வாங்கிய திரி, கருகிப்போய்.

சண்டை பிடித்திருக்கலாம். சிகரெட்டுக்காக முன்பு இரண்டு தரம் பிடித்தவள்தான். இரண்டு தரமும் அவர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போய், கூட்டாளி கிருபனின் கராஜில் நின்று ஒரு பெட்டியை ஊதி முடித்துவிட்டு வந்தார். நெஞ்சு வலி என்று ஓடியபோது டொக்டர் சொன்னதை அவர் மறந்திருப்பார், அவள் மறக்கவில்லை. இப்படிக் கருகலையே இழுத்துக்கொண்டிருந்தால் மனிசன் திரும்பவும் சிகரெட்டில் போய் விழுவது நிச்சயம். ஆகவே அவள் வாயை மூடிக்கொண்டு கம்பிக் குறட்டைக் கையில் எடுத்தாள்.

உதயகுமாரிக்குப் பல் செய்கிற லேப்பில் வேலை. பிள்ளைகளின் பல்லை நேராக்கும் மெல்லிய கம்பிகளைப் பதினாறு வருடமாக வளைக்கிறாள். கம்பியும் நல்ல பஞ்சும் வேலையிடத்து விலாசத்துக்கு எடுப்பித்தாள். இரண்டு வீடியோ பார்த்தாள். மெல்லிய தண்டொன்றில் கம்பியை இழுத்துப் பிடித்து ஆறு சுற்று. சுருளின் இரண்டு காலையும் வேப்பின் திருகாணிகளில் இறுக்கி, மிச்சம் நீட்டிக்கொண்டிருப்பதைக் குறட்டால் இரண்டு வெட்டு. பட்டனை அழுத்தினால் சுருள் நடுவில் சிவந்து இரண்டு பக்கமும் பரவ வேண்டும். ஓரம் முந்திக்கொண்டு சிவந்தால் சாமணத்தால் மெல்லத் தடவி அடக்க வேண்டும். பிறகு பஞ்சு. இறுக்கித் திணித்தால் சூட்டில் புகையாகும் ஜூஸ் ஏறாது, கருகும். தளர விட்டால் வாய்க்குள் கொப்பளிக்கும். பஞ்சு உரசிக்கொண்டு போகலாம், சுருள் அசையக்கூடாது. நுனிகளை மீசை கத்தரிப்பதுபோலக் கத்தரித்து, ஊசியால் கோதி, இரண்டு பக்கக் குழிக்குள்ளும் மடித்து விட்டால் சரி.

இதற்கு வாய்த்த நேரம் சனிக்கிழமை காலை. டிராம் ஓட்டும் குகநேசன், முப்பது வருடமாக எத்தனை பனி கொட்டினாலும் சனி முழுக்கை விடாதவர். தலையில் நல்லெண்ணெய் வழியக் குளியலறைக்குள் போனால் முன்பு அரை மணித்தியாலத்தில் வந்துவிடுவார். சித்திரைக்குப் பிறகு அது ஒரு மணித்தியாலத்தையும் தாண்டியது. வயது போக ஊத்தையும் கூடுகிறதாக்கும் என்று நினைத்த உதயகுமாரி, தனக்கு வசதிதானே என்று விட்டுவிட்டாள்.

இன்னொரு குழப்படியும் செய்தாள். சுவீடனுக்குப் போய் அவர் வாங்கிவந்த நிக்கொட்டின் ஜூஸில் கிழமைக்குக் கொஞ்சத்தை வெளியே ஊற்றி, நிக்கொட்டின் இல்லாத மாம்பழ ஜூஸை அந்த அளவுக்கு விட்டுவந்தாள். ஆவணியில் போத்தலுக்குள் மாம்பழம் மட்டும்தான் மிச்சம்.

குகநேசனோ வெளியில் பெரிய விண்ணன் ஆகிவிட்டார். தன் கையால் சுற்றுவது என்றும், கடைச் சாமான் கிட்ட நிற்காது என்றும் கதை. டயர்க் கடை வைத்திருக்கும் கிருபனுக்கு இது பொறுக்கவில்லை. வியாழக்கிழமை போனில் கிருபன் சொன்னது நடையில் நின்ற உதயகுமாரிக்கும் கேட்டது.

"சனிக்கிழமை சாப்பிட வாறாய்தானே? என்ரை கண்ணுக்கு முன்னாலை சுத்திக் காட்டு. கருகாமல் பத்து இழுவை இழுத்தியெண்டா நானும் வேப்புக்கு மாறுறன். இல்லாட்டி என்ரை சிகரெட்டிலை ஒண்டை நீ பத்த வேணும்."

"சுத்துறன்," என்றார் குகநேசன். குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது.

அந்தச் சனி உதயகுமாரி இரண்டு சுற்றினாள். முதலாவதைப் பரீட்சித்துக் கழற்றி, பஞ்சும் கோத்து, தோட்டுப் பெட்டியில் வைத்துக் கைப்பையில் போட்டாள். மற்றதை வேப்பில் பூட்டினாள். எப்படிக் கொடுப்பது என்று மட்டும் தெரியவில்லை. கொடுத்தால், தனக்கு எல்லாம் தெரியும் என்று ஒப்புக்கொள்வதாகும். ரோஷம் வந்து அந்தச் சிகரெட்டைத் தானே எடுத்துப் பற்றினாலும் பற்றுவார்.

ஒஸ்லோவுக்கு வெளியே, ஸ்ட்ரோம்மனில் கிருபன் வீட்டுக் குசினிக்குப் பக்கத்துக் கதவு கராஜ். கிருபனின் மனைவி மரியரஞ்சனி ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். கராஜுக்குள்ளிருந்து கிருபனின் குரல்.

"என்ன மச்சான், ஒரு பக்கம் எரியுது, மற்றப் பக்கம் நித்திரை கொள்ளுது?"

சிறிது நேரத்தில் மரியரஞ்சனி மூக்கை உறிஞ்சினாள். "என்னடி குமாரி கருகுது? என்ரை ரோல்ஸே?"

"உங்கடை ரோல்ஸ் இல்லை அக்கா. அது கராஜுக்குள்ளை."

"இன்னுமொருக்கால் சுத்து, பரவாயில்லை," என்றார் கிருபன். "அதுவும் சரிவராட்டி இந்தா, ஆள் மேசையிலை காவலிருக்கு." சிகரெட் பெட்டியைத் தட்டும் சத்தம்.

உதயகுமாரி கைப்பையைத் திறந்தாள், மூடினாள். திரும்பவும் திறந்தபோது குகநேசன் குசினி வாசலில் நின்றார். தண்ணீர் கேட்டார். கேட்டுவிட்டு உதயகுமாரியை நடைக்கு வரும்படி கண்ணைக் காட்டினார்.

"இஞ்சாரும், அந்த மற்றதைத் தாரும்."

"எந்த மற்றது?"

"காலமை ரெண்டு சுத்தினனீர் எல்லே. குறட்டுச் சத்தம் நாலு தரம் கேட்டது. ஒண்டுக்கு ரெண்டு வெட்டு. எனக்குச் சுத்தத்தான் வராது, எண்ண வரும்."

"அப்ப உங்களுக்கு..."

"சித்திரையிலையிருந்து தெரியும். நான் கருக்கி வைக்கிற சாமான் முழுகிப்போட்டு வந்து இழுத்தா பூமாதிரி வருது. பிள்ளையாரே வந்து செய்தவர்? நீர் முடிக்குமட்டும் உள்ளுக்கை நிக்கிறன். சுடுதண்ணி முடிஞ்சு பச்சைத் தண்ணியிலை நிக்கிறன். ரெண்டு சுத்துறதெண்டா ஒரு சொல்லுச் சொல்லப்படாதே? இண்டைக்குச் சீவன் போச்சு."

"ஏனப்பா சொல்லேல்லை?"

"சொன்னா நிப்பாட்டிப் போடுவீர். சரி, தாரும். அவன் என்ரை கையையே பாத்துக்கொண்டு நிக்கிறான்."

"போங்கோ. தேத்தண்ணியோடை வாறன்."

தட்டில் தேநீரும் ரோல்ஸும். குகநேசனின் கோப்பைக்குக் கீழே மடித்த கடதாசி, அதற்குள் சுருள். உதயகுமாரி தட்டைச் சரியாக இருவருக்கும் நடுவே வைத்தாள்.

"கிருபண்ணை, இது உங்களுக்கெண்டு உறைப்புப் போட்டது. ஆறமுதல் சாப்பிடுங்கோ."

கிருபன் ஆறவிடவில்லை. கடித்தார். நாக்கு வெந்து, கண்ணை மூடி, வாய்க்கு முன்னால் கையை விசிறினார். அவர் கண்ணைத் திறந்தபோது குகநேசன் இரண்டாவது திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தார். அது அவருக்கு நன்றாக வரும்.

"எப்ப சுத்தினனீ?"

"நீ சாப்பாட்டிலை கண்ணாயிருந்தா நான் என்ன செய்ய?"

குகநேசன் பஞ்சில் ஜூஸ் விட்டார், இழுத்தார். ஒன்று, இரண்டு, ஐந்து. கராஜுக்குள் மேகம் இறங்கி டயர் அடுக்குகள் மறைந்தன. பத்தாவதில் மரியரஞ்சனி வந்து, நெருப்பு மணி அடித்தால் ஆர் பதில் சொல்லுறது என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கிருபன் வாங்கித் தானும் இழுத்துப் பார்த்தார். நாக்கைச் சப்பினார். "கருகேல்லைத்தான். ஆனா காரம் ஒண்டையும் காணேல்லையே மச்சான். வெறும் மாம்பழமாயெல்லே கிடக்கு."

உதயகுமாரி வெறும் கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"டயர் மணந்து மணந்து செத்துப்போன தொண்டை உனக்கு," என்றார் குகநேசன். "இது கடும் சாமான். ரெண்டு இழுவையிலை எனக்கே தலை கிறுகிறுக்கும்."

"ஓம் கிருபண்ணை," என்றாள் உதயகுமாரி. "சில நேரம் ஆள் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நடக்கிறவர்."

கிருபன் சிகரெட் பெட்டியை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். வேப் எங்கே வாங்கலாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் குகநேசன் தொண்டையைச் செருமினார்.

"வாற சனி?"

"ஒண்டுதான் சுத்துவன். இனி ஒளிச்சுச் செய்யத் தேவையில்லைத்தானே, அரை மணித்தியாலத்திலை வெளியிலை வரலாம்."

அவர் முகம் மலர்ந்தது. "நல்லாய்ப் போச்சு. சொல்லுறன் குமாரி, சிகரெட்டை நான் விட்டது லேசுப்பட்ட வேலையில்லை. இந்தக் கடும் ஜூஸ் மட்டும் இல்லாட்டி ஒரு நாள் தாங்கியிருக்க மாட்டன்."

உதயகுமாரி யன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பி வீதியைப் பார்த்தாள்.

"ஓமப்பா," என்றாள். "கடும் சாமான். பாத்துப் பாவியுங்கோ."