வெண்டெல் எடுத்த காடு

கலை ஒன்றுதான் மனிதகுலத்தைக் கைதூக்கிவிடும் என்பது லொரேன் ஹவ்ரிலக் அம்மையாரின் அசைக்க முடியாத நம்பிக்கை. கனடாவின் எட்மன்டன் நகரத்து வீடற்றவர்களைத் தூக்கிவிடுவதற்கான கருவிகள் ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கியிருந்தன: மருந்துக்கடையில் தள்ளுபடிக்குக் கிடைத்த, படம் முடிந்ததும் தூக்கியெறிந்துவிடும் கேமராக்கள்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சூப்புக்கு வரிசையில் நின்றவர்களிடம் ஆளுக்கொன்றாக நீட்டினார். உங்கள் வாழ்க்கையை உள்ளபடி எடுத்து வாருங்கள், நல்ல படங்களைக் கண்காட்சியில் மாட்டுகிறோம் என்று சூப் ஆறும்வரை விளக்கினார். ஆற்றுப் பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டிருந்த வெண்டெல் கார்டினல் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்.

"படத்துக்குக் கீழ என் பேரு வருமா?"

வரும், வரும் என்றார் அம்மையார், வெண்டெல் வாசல் பக்கம் திரும்பி "பஸ்டர், இரு!" என்று குரல் கொடுத்ததைக் காதில் வாங்கிக் கேமராவின் மேல் ஒரு பெயரை எழுதியபடி. வெண்டெலின் பெயர் கடைசியாக எழுத்தில் வந்தது, பூங்காவில் தூங்கியதற்கான அபராதச் சீட்டில்.

படங்கள் கழுவி வந்தன. தேர்ந்தெடுக்க உட்கார்ந்தவர்கள் அம்மையாரும், அறைக்குள்ளும் கழுத்துத் துணியைக் கழற்றாத ஓய்வுபெற்ற புகைப்பட ஆசிரியர் டங்கனும். கிழிந்த கையுறை, தள்ளுவண்டி, குனிந்த தலை என எதைக் கண்டாலும் டங்கன் கண்ணை மூடி, "என்ன ஒரு நேர்மை" என்றார். வெண்டெலின் படம் வந்ததும் கண்ணைத் திறந்தார். அதில் ஒரு வெள்ளைக் காடு. இறகுபோல் அடர்ந்த மரங்கள். அவற்றின் பின்னால் செக்கச்செவேலென்று விடியல்.

"இவரு மலைப்பக்கம் டூர் போயிருக்காரு போல. நாம கேட்டது வாழ்த்து அட்டை இல்லையே" என்று ஒதுக்கிவிட்டார். அம்மையாரும் தலையாட்டினார்.

அந்தச் செய்தியைப் பக்குவமாகச் சொல்ல, அடுத்த வாரம் அம்மையார் வெண்டெலின் தட்டுக்கு எதிரே போய் உட்கார்ந்தார். வெண்டெல் ரொட்டியைச் சூப்பில் தோய்த்தபடியே கேட்டுக்கொண்டார்.

"எந்த மலைங்க? அது என் கூடாரத்தோட உள்பக்கம். ராத்திரி பூரா நான் விடற மூச்சு மேல போய்த் துணியில உறைஞ்சுடும். காலைல பாத்தா காடு. துணி ஆரஞ்சு கலர், அதுல வெயில் விழுந்தா அப்படித்தான் இருக்கும்."

அசைந்தால் அத்தனையும் முகத்தில் உதிர்ந்துவிடுமாம். கேமரா குளிரில் விறைக்காமலிருக்க அதை அக்குளில் வைத்துத் தூங்கினாராம். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாராம்.

"தினமும் வருமா?" அம்மையாரின் குரல் இறங்கியிருந்தது.

"தினமும். ஆனா ஒரு நாள் வந்த காடு இன்னொரு நாள் வராது. நேத்து ஒரு மான்கூட நின்னுச்சு. தும்மித் தொலைச்சிட்டேன்."

அம்மையார் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உயிரை உறையவைக்கும் குளிரில் ஒரு மனிதன் விடியும்வரை விட்ட மூச்சு, கிளை கிளையாக, மொட்டு மொட்டாகப் பூத்து நின்றது. அவர் தம்மை அறியாமலே தம் மூச்சையும் அடக்கிக்கொண்டார். பிறகு அதைக் கண்காட்சிக்குரிய படங்களின் உறைக்குள் பத்திரமாக வைத்தார்.

கண்காட்சியில் அந்தக் காடு நடுச்சுவர் முழுவதையும் பிடித்துக்கொண்டது. வந்தவர்கள் அதன் முன்னால் குரலைத் தாழ்த்தினார்கள். இதில் ஏதோ இருக்கிறதென்று தாம் அப்போதே சொன்னதாக டங்கன் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மையார் மைக்கைப் பிடித்தார்.

"கேமராவ அவங்ககிட்ட குடுத்தோம், கண்ண மட்டும் நாமளே வெச்சுக்கிட்டோம். வீடில்லாதவங்க கஷ்டத்தத்தான் பாப்பாங்க, அழகு அவங்க கண்ணுல படாதுன்னு நெனச்சது நம்ம குருட்டுத்தனம். ஒருத்தருக்கு உதவப் போனா, மொதல்ல அவர முழு மனுஷரா பாக்கக் கத்துக்கணும்."

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. வெண்டெல் படத்தருகே போய், அதன் கீழிருந்த அட்டையைக் குனிந்து படித்தார். 'புகைப்படம்: பஸ்டர்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது.

பஸ்டர் அவருடைய நாய்.