சூடான ரொட்டியை வெட்டக்கூடாது

சாயங்காலம் நான் தூங்கி எழுந்தபோது மகளும் அவள் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் வகுப்பில் என் மனைவிதான் மகளுக்கு டீச்சர். வகுப்புக்கு வாங்கும் புத்தகங்களை முதலில் வீட்டில் உட்கார்ந்து அவளே படித்துவிடுவாள். கதைப் புத்தகம் இல்லை. பாலம் எப்படி நிற்கிறது, எறும்பு எப்படி மூச்சு விடுகிறது, இந்த மாதிரி. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியாது. "இங்க பாருங்களேன்" என்று என்னையும் இழுப்பாள். ஒன்பதாவதில் பள்ளியை விட்டவன் நான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் படித்த புத்தகங்கள் இவைதான், அதுவும் மகளோடு பிடுங்கிச் சண்டை போட்டு.

அன்று வகுப்பில் ரொட்டித் தொழிற்சாலை பற்றிய புத்தகம். அடுப்பிலிருந்து வெளியே வந்த ரொட்டி அடுத்த படத்திலேயே துண்டாகி உறைக்குள் போய்விடுகிறது. மகள் எழுந்து, "புத்தகம் தப்பு டீச்சர். ரெண்டு மணி நேரம் ஆறணும். எங்கப்பா சொல்லிருக்காங்க" என்றிருக்கிறாள். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி, "உங்கப்பா என்ன, புத்தகம் எழுதுறவரா?" என்றதும் வகுப்பே சிரித்திருக்கிறது. சத்தத்தை அடக்கும் அவசரத்தில் என் மனைவி, "அச்சுல வந்தது சரியாத்தான் இருக்கும், உக்காரு" என்றுவிட்டாள்.

"வீட்டுக்கு வந்து சொல்லிருக்கலாம்ல?" என்றாள் மனைவி மகளிடம்.

"வீட்ல சொன்னா மத்தவங்களுக்கு எப்படித் தெரியும், டீச்சர்?"

வீட்டில் அம்மாவை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. மனைவி என் பக்கம் திரும்பினாள். "நிஜமாவே ரெண்டு மணி நேரமா?"

பதினோரு வருடமாக ராத்திரி முழுக்க பேக்கரி அடுப்பின் முன்னால் நிற்கிறேன். இவள் கேட்டது அன்றைக்குத்தான்.

"நாளைக்குக் கொண்டு வர்றேன். நீயே வெட்டிப் பாரு."

காலையில் கடைசி ஈட்டிலிருந்து இரண்டு ரொட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளிக்கு ஓடினேன். சட்டையெல்லாம் மாவு. வகுப்பு வாசலில் கால் நின்றுவிட்டது. மகள் வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

மனைவி ஒரு ரொட்டியில் கத்தியை வைத்தாள். அது அமுங்கியது, பசையாகக் கத்தியில் ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"புத்தகம் தப்பு. டீச்சரும் தப்பு" என்றாள், கடைசி வரிசை வரை கேட்கும்படி.

பெருமையா என்றால், ஆமாம். மகளை நினைத்து மட்டுமில்லை.

"அப்ப அந்த இன்னொண்ணு?" என்றாள் பின்பெஞ்சுக்காரி.

"அது ஆறட்டும்" என்றாள் மகள், அசல் அவள் அம்மா குரலில்.

தூக்கம் கண்ணைச் சுழற்றியது. கிளம்பத் திரும்பினேன். "இருங்க" என்று மனைவி தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். முப்பது பிள்ளைகளும் மேசையைச் சுற்றி நின்றார்கள். மகள் ரொட்டியைத் தொடாமல், அதற்கு மேலே உள்ளங்கையை நீட்டியபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.