துணுக்கு இல்லாமல்

ஃபுட் பிராசஸரின் பாத்திரம் கழன்று வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. அவள் அதை இடுப்போடு அணைத்துக்கொண்டு இடமும் வலமும் முறுக்கிப் பார்த்தாள். ஹாலில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம். இன்னும் அரை மணியில் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவைக் கொண்டுவந்துவிடுவார்கள். அதற்குள் இதைக் கழுவித் துடைத்து அலமாரிக்குள் தள்ளிவிட வேண்டும்.

"கைப்பிடி உன் பக்கம் வர்ற மாதிரி திருப்பணும்."

தம்பி சமையலறை வாசலில் நின்றான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"மூணு மாசமா அதைத் தொட்டதே இல்லைன்னு சொன்னே. எப்படித் தெரியும்?"

அவள் கையிலிருந்து பிடுங்கி ஒரே திருப்பில் கழற்றினான். பிளேடைத் தூக்கினான். அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ வட்டமாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்ன பார்க்கறே? ஞாயித்துக்கிழமை நீ போட்ட குப்பைதான். நான்தானே கழுவணும்."

பாத்திரத்தைத் தொட்டியில் போட்டான். குழாயைத் திறந்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷம் சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவரும் வறுத்த கடலையுமாக மாடி மாடியாக ஏறி இறங்கியவர். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு 'நொறுக்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு மூன்று மாதம் முன்பு பக்கவாதம் வந்து, கை கால் பிழைத்து, தொண்டை போனது. விழுங்கப் பழக்க வந்த நர்ஸ் கறாராகச் சொன்னாள்: "ஸ்பூனைச் சாய்ச்சா வழுக்கி விழணும். ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாது."

மறுநாள் வீட்டுக்கு இரண்டு மெஷின் வந்தது. அவள் ஒரு பிளெண்டர் வாங்கி வந்தாள். தம்பி, அக்கா என்ன வாங்கப் போகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்காமல், ஏழு பிளேடோடு ஃபுட் பிராசஸரைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினான். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். எதிரே இருப்பவருக்கு ஸ்டியரிங்கே பிடிக்கத் தெரியாது என்ற நினைப்பிலேயே வீட்டிலும் பேசுவான்.

"பிளெண்டர் ஜூஸ் கடைக்குத்தான் ஆகும். இதுல நறுக்கலாம், துருவலாம், மாவு பிசையலாம்."

"அப்பாவுக்கு மாவு பிசைஞ்சா ஊட்டப்போறே? அது நறுக்கும்டா. கூழாக்காது."

"உன்னது தண்ணி ஊத்தாம சுத்தாது. எதைப் போட்டாலும் கஞ்சித் தண்ணியாத்தான் வரும்."

இரண்டு பேரும் சொன்னது சரிதான். அதனால்தான் சண்டை ஓயவில்லை. அப்பா கட்டிலில் படுத்தபடி இவன் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அப்பாவின் தங்கை, அத்தை, வந்து பஞ்சாயத்துப் பண்ணினாள். ஆறு நாள் அவள், ஞாயிற்றுக்கிழமை தம்பி. அவரவர் மெஷின் அவரவருக்கு.

அவள் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பவள். மத்தியானத்துக்கு மேல் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடிவந்து, வேகவைத்து, அரைத்து, வடிகட்டி ஊட்டினாள். அப்பா ஆறு நாளும் முகத்தைச் சுளித்தார். ஏழாம் நாள், அவள் நாள் முழுக்கக் கடையில் இருக்க, தம்பி ஊட்டினால் கிண்ணம் காலியாகும். அது அவள் வயிற்றில் எரிந்தது. சாகக் கிடக்கிற மனுஷனை வைத்துக்கொண்டு என்ன பொறாமை என்று தன்னையே திட்டிக்கொள்வாள். திட்டினால் போகிற பொறாமையா அது!

போன திங்கட்கிழமை அப்பா நாலாவது ஸ்பூனை நாக்கால் வெளியே தள்ளினார். "தம்பியை... வரச் சொல்லு," என்றார். இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் பிடிக்கும். அந்த ஒரு நிமிஷத்தையும் தம்பிக்கே கொடுத்தார்.

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அலமாரியைத் திறந்தாள். தம்பியின் மெஷினை எடுத்தாள். வெந்த கேரட், உருளைக்கிழங்கு, உப்பு. சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. பொத்தானை ஆறு முறை அழுத்தி அழுத்தி விட்டாள். நர்ஸ் சொன்னது மறக்கவில்லை. தெரிந்துதான் செய்தாள்.

அப்பா கிண்ணத்தைக் காலி செய்தார். மூன்று மாதம் கழித்து அவர் தாடை அசைந்தது. வாயைத் துடைத்துவிட்டபோது, "தம்பி வந்திருக்கானா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

பிறகுதான் இருமல் தொடங்கியது. சாயங்காலம் காய்ச்சல். மெஷினைக் கழுவக்கூட நேரமில்லாமல் அலமாரிக்குள் தள்ளிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சாப்பாடு நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். வியாழன் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்பாவை ஹாலில் கிடத்தியதும் அத்தை தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை என்னத்தடா ஊட்டினே? அரைகுறையா அரைச்சுக் கொடுத்து என் அண்ணனை முடிச்சுட்டியே! அவ தலைபாடா அடிச்சுக்கிட்டாளே, கேட்டியா நீ?"

தம்பி அத்தையைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற அக்காவையே பார்த்தான். அவள் குனிந்து அப்பாவின் காலடியில் விலகியிருந்த போர்வையைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததை மறுபடியும் சரிசெய்தாள்.

இறுதிச்சடங்கு முடிந்து வந்த மத்தியானம், சமையலறையில் அவளுக்கு முன்பே தம்பி இருந்தான். பிராசஸரை ஒரு அட்டைப்பெட்டிக்குள் அமுக்கிக்கொண்டிருந்தான்.

"எடுத்துட்டுப் போ. என் கண்ணுல படக்கூடாது," என்றாள்.

"நான் இதை ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதான் ஓட்டினேன்." அவன் நிமிரவில்லை. "முதல் வாரம். அப்பாவுக்குப் புரையேறிச்சு. பயந்துட்டேன். அப்புறம் எல்லா வாரமும் உன் பிளெண்டர்தான்."

அவள் பெட்டியின் மூடியைப் பிடித்து இழுத்தாள்.

"பொய் சொல்லாதே. தண்ணியா இருந்தா அப்பா சாப்பிடவே மாட்டார்."

"யார் தண்ணி ஊத்தினா? பால் ஊத்தினேன். ரெண்டு ஸ்பூன் வெண்ணெய். மிளகுத்தூள். நீ கடையிலேர்ந்து வர்றதுக்குள்ள கழுவித் துடைச்சு, எடுத்த இடத்துலேயே வெச்சுடுவேன்."

பால். வெண்ணெய். மூன்று மாதமாக இரண்டும் ஃபிரிட்ஜில் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன.

"ஏண்டா சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏண்டா அதைத்..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"அக்கா சொன்னதுதான் சரின்னு உன் முன்னாடி வந்து நிக்கணுமா? அதைவிடச் செத்..." அவனும் முடிக்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டான். தோள் இரண்டு முறை குலுங்கியது. கையை எடுத்தபோது முகம் பழையபடி கல்லாக இருந்தது.

"கேரட்டைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அத்தை என்னைக் கேட்டப்போ சொல்லியிருக்கலாம். நீ சொல்றியான்னு பார்த்தேன். போர்வையை இழுத்துவிட்டுட்டு நின்னே."

"இப்போ என்ன பண்ணணுங்கறே?"

"நான் ஒண்ணும் சொல்லப்போறதில்லை. என்னைக்கும் சொல்ல மாட்டேன். உனக்குள்ளேயே வெச்சுக்கோ."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனான். அவனை இவ்வளவு வெறுத்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கத்தியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பவில்லை.

ஹாலில் ஏழெட்டுப் பேர் மிச்சம் இருந்தார்கள். அத்தை அவளைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள். உட்கார்ந்ததும் முதுகைத் தடவ ஆரம்பித்தாள்.

"நீதாம்மா பார்த்துக்கிட்டே. பெத்த பிள்ளை ஒருநாள் பார்த்த லட்சணத்தை ஊரே பார்த்தாச்சு. நீ ஒரு குறையும் வைக்கலை."

"அத்தை."

"சொல்லும்மா."

"ஞாயித்துக்கிழமை இல்லை அத்தை. திங்கக்கிழமை. நான்தான் அவன் மெஷின்ல அரைச்சேன்."

பேச்சு ஒவ்வொரு நாற்காலியாக நின்றது. அத்தையின் கையும் அவள் முதுகில் நடுவழியில் நின்றுவிட்டது. தடவவும் இல்லை, எடுக்கவும் இல்லை.