கழுத்துக்கு மேலே

அந்தப் படம் ஒரு போர்க்காலக் கதை. ராணுவத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளாத நோஞ்சான் ஒருவன், ஊசி போட்டதும் சூப்பர் ஹீரோ ஆகிறான். அந்த நோஞ்சானாக நடிக்க என் அண்ணன் நான்கு மாதம் அரைவயிறு சாப்பிட்டான்.

"முதல் பாதி முழுக்க நீதான்டா. உன் மூஞ்சியப் பார்த்து ஊரே அழப்போகுது" என்று இயக்குநர் சொல்லியிருந்தார். வீட்டில் டிகிரி முடித்த ஒரே ஆள் நான். அதை எழுதி வாங்கச் சொன்னேன். "பெரிய மனுஷன் வாக்குடி, எழுத்து எதுக்கு?" என்று அண்ணன் என் வாயை அடைத்தான்.

குடும்பத்தோடு முதல் காட்சிக்குப் போனோம். திரையில் சேற்றில் விழுந்து எழுந்தது அண்ணனின் உடம்புதான். அதே விலா எலும்பு, அதே கூன். கழுத்துக்கு மேலே மட்டும் பெரிய நடிகரின் முகத்தைக் கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்தார்கள். அரங்கமே விசிலடித்தது. அண்ணன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டி, நம்ம பையன் எப்ப வருவான்?" என்றாள் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "இவ்வளவு நேரமா அடிவாங்குறது அவன்தாம்மா! மூஞ்சியத் திருடிட்டானுங்க!" என்று கத்தினேன்.

முன்வரிசைக்காரர் கண்ணைத் துடைத்தபடி திரும்பினார். "உட்காரும்மா. பாவம், அந்தப் பையன் என்ன பாடு படுறான்! பார்க்க விடு."