மேல் ஏரிக்குப் போகாத குஞ்சுகள்

அண்ணி ஆகாயத்தாமரை வேர்க்கட்டைக் குளத்திலிருந்து தூக்கியபோது அதிலிருந்து ஏதோ ஒன்று கரையில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே நின்று, முன்கொடுக்குகள் இரண்டையும் உயர்த்தி அவளை எதிர்த்தது. அண்ணி கத்தவில்லை. கூடையை அதன்மேல் கவிழ்த்துவிட்டு, "கொஞ்சம் இங்க வாயேன்," என்று என்னைக் கூப்பிட்டாள்.

கூடையை விலக்கிப் பார்த்தேன். விரல் நீளம். உடம்பு இறாலைப் போல, கொடுக்கு நண்டைப் போல. கீழ் ஏரிக்காரர்கள் இதைச் சிங்கி என்பார்கள். முதுகைப் பிடித்துத் திருப்பினேன். வாலுக்கு அடியில் மிளகு ஒட்டியதுபோல முட்டைகள். பாதிக்கு மேல் பொரிந்திருந்தன. கொசு அளவுக் குஞ்சுகள் தாயின் கால்களைப் பற்றித் தொங்கிக்கொண்டிருந்தன. மீதிக் குஞ்சுகள் எங்கே என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

அண்ணன் மீன்குஞ்சு வளர்ப்பவன். தாய் மீன்கள் முட்டையிட ஆகாயத்தாமரைச் செடிகளை வேரோடு கட்டிக் குளத்தில் மிதக்கவிடுவான். முட்டைகள் வேரில் ஒட்டிக்கொள்ளும். இந்த வருடம் எங்கள் பக்கம் செடி கிடைக்காமல் கீழ் ஏரிக்குப் போய் எடுத்துவந்தான். எப்போதும்போல உப்புத் தண்ணீரில் முக்கினான். அட்டைகள் சுருண்டு உதிர்ந்தன. அதைப் பார்த்துத் திருப்தியாகக் குளத்தில் போட்டான்.

"உப்புல முக்கித்தானே போட்டேன்? அட்டையே செத்துப்போச்சு."

"உப்பு இத ஒண்ணும் பண்ணாதுண்ணா."

"ஒண்ணுதானே வந்திருக்கு?"

நான் வாலைத் திருப்பிக் காட்டினேன். அவன் குளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கீழ் ஏரியை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிங்கியை யாரோ வீட்டுத் தொட்டியில் அழகுக்கு வளர்த்து, அலுத்துப்போய்க் கொண்டுபோய் விட்டது என்கிறார்கள். அடியில் முளைக்கும் செடிகளையெல்லாம் சிங்கி வெட்டித் தின்றது. மீன் முட்டைகளைத் தின்றது. வலைக்குள் புகுந்து, மாட்டியிருந்த மீனைத் தின்று, வலையையும் அறுத்தது. கரையைத் துளைத்துத் துளைத்து, மதகைச் சுற்றி நீர் கசிகிறது. செடி போனதும் தண்ணீர் கலங்கியது, பிறகு தெளியவே இல்லை. வலை போட்டவர்கள் இப்போது கடை வாசல்களில் காவலுக்கு நிற்கிறார்கள். ஒருவர் நான் மீன்வளம் படித்த கல்லூரியிலேயே காவலராக இருந்தார். நீரில் நின்ற பழக்கமோ என்னவோ, காலணியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நிற்பார்.

வண்டிச் சத்தம் கேட்டது. குஞ்சு வாங்க வருபவருக்கு எங்கள் வீட்டில் ஆக்சிஜன் மாமா என்று பெயர். எவ்வளவு காற்று அடைத்தாலும் பையைத் தட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் அடி தம்பி," என்பார்.

"என்ன, எல்லாரும் பரீட்சைல தோத்த மாதிரி நிக்கிறீங்க?"

அண்ணன் கூடையைத் தூக்கிக் காட்டினான். மறைக்க அவனுக்குத் தெரியாது. ஆக்சிஜன் மாமா வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு கூடையை அவரே கவிழ்த்து வைத்தார்.

"நீ காட்டல. நான் பாக்கல. நல்லா சலிச்சுக் குடு, போதும்."

"மாமா..."

"கீழ குஞ்சு குடுத்தவங்க எல்லாரும் குளத்த மூடிட்டாங்க. இப்ப நீயும் இல்லேங்கிற. நான் என்ன, வண்டியில உக்காந்து பாட்டு கேக்கவா?"

அண்ணன் குளத்தில் இறங்கி வலையை இழுத்தான். குஞ்சுகளைச் சலித்தான், மறுபடி சலித்தான். பொரிந்த சிங்கியும் எங்கள் மீன்குஞ்சின் அளவுதான் இருக்கும். எந்த வலைக்கண்ணும் இரண்டையும் பிரிக்காது. இதைச் சொல்ல வேண்டியவள் நான்தான். வாய்மொழித் தேர்வில்கூடக் குரல் வராதவள் நான். எப்படியோ சொன்னேன்.

"பாப்பா என்னமோ சொல்லுதே?" என்றார் மாமா.

"அது ஒண்ணுமில்ல," என்றான் அண்ணன்.

அவனுக்குக் கேட்டிருந்தது. ஆனாலும் பையில் ஆக்சிஜன் குழாயைச் சொருகினான். பைகள் ஒவ்வொன்றாக உப்பி எழுந்தன. அண்ணி வாயைச் சுருக்கி ரப்பர் போட்டுக் கட்டி வரிசையாக வைத்தாள். கடைசிப் பையைக் கட்டும்போதுதான் கேட்டாள்.

"இதெல்லாம் எங்கண்ணே போகுது?"

"மேல் ஏரிக்குத்தாம்மா. வேற ஏரி எங்க மிச்சம் இருக்கு?"

அண்ணி பிறந்த வீடு மேல் ஏரிக்கரையில். அவள் அப்பாவும் தம்பியும் இன்னும் அங்கேதான் வலை போடுகிறார்கள். அண்ணி முதல் பையை எடுத்தாள், ரப்பரை உருவினாள், காற்று போகும்வரை காத்திருந்து குளத்தில் கவிழ்த்தாள். பிறகு அடுத்த பை. மாமா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் குழாயைக் கையில் வைத்தபடி நின்றான். அது சீறிக்கொண்டே இருந்தது.

"மூடுங்க. காத்து வீணாப் போகுது," என்றாள் அண்ணி.

ஆக்சிஜன் மாமா வெற்றுப் பெட்டிகளை வண்டியில் ஏற்றினார். கிளம்பும்போது, "கீழ் ஏரில வலை போட்டவங்க ரெண்டு பேர் எங்கிட்டயே வேலை பாக்கறாங்க தம்பி," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

தாய் மீன்களைக் கழுவிச் சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றிவிட்டுக் குளத்தை வடித்தோம். வாய்க்காலுக்கு விடாமல் மேட்டு நிலத்தில் இறைத்தோம். குஞ்சுகள் சேற்றில் வெள்ளி வெள்ளியாகத் துடித்து அடங்கின. கூடைக்குள் இருந்த சிங்கியைக் கொன்று, குளத்திலும் கரையிலும் சுண்ணாம்பு கொட்டினோம். தாய் மீன்களில் பெரியதை அண்ணி மாமியார் என்பாள். முதலில் தின்றுவிட்டுப் பிறகு மூலையில் கோபித்துக்கொண்டு நிற்குமாம். தொட்டி வெயிலில் அது தாங்கவில்லை. மறுநாளே மிதந்தது. அண்ணி அதைத் துணியில் சுற்றி எடுத்துப் போனாள். நாங்கள் யாரும் கூடப் போகவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலை அண்ணன் கரையில் குந்தியிருந்தான். போய்ப் பார்த்தேன். வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு கோடு, குச்சியை இழுத்ததுபோல. இரண்டு பக்கமும் ஊசி குத்தியதுபோலப் புள்ளிகள். இன்னொரு சிங்கி குளத்திலிருந்து கிளம்பிக் கரையைக் கடந்து, மறுபுறம் புல்லுக்குள் இறங்கியிருந்தது. புல்லுக்கு அப்பால் வாய்க்கால். அது மேல் ஏரியிலிருந்து வருவது.

"எதிர்த்தண்ணில ஏறுமா அது?"

ஏறும் என்று படித்திருக்கிறேன். இந்த முறை தலையை மட்டும் அசைத்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கினான். முழங்கால் அளவுத் தண்ணீர். குனிந்து ஒரு கல்லைப் புரட்டி, அடியில் வெறுங்கையால் துழாவினான். கல்லைத் திரும்ப அதே இடத்தில் மெதுவாக வைத்தான். அடுத்த கல்லுக்கு நகர்ந்தான். அண்ணி எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவளும் இறங்கி எதிர்க்கரை ஓரமாகக் குனிந்தாள். இருவரும் கல் கல்லாக மேல் ஏரியின் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் கலக்கிய நீர் என்னைத் தாண்டிப் பழுப்பாகக் கீழே ஓடிற்று.