வண்டூரில் கிடைத்த அதிசய மண்

மண் ஆய்வாளர் குழந்தைவேலு தீவுக் கிராமமான வண்டூரில் எடுத்த மண், கப்பலேறி மெயின்லேண்ட் ஆய்வகம் போய், ஆறு மாதம் கழித்து அறிக்கையாகத் திரும்பியது. அதைத் தூக்கிக்கொண்டு மண் எடுத்த சந்திரமதியின் தோட்டத்துக்கே ஓடிவந்தார் மனிதர்.

“இவ்வளவு மழை பெய்யிற சரிவுல மண்ணு அமிலமா, புளிச்சுத்தாம்மா இருக்கணும். உங்க மண்ணுல துளி புளிப்பில்ல, பொட்டாஷ் எக்கச்சக்கம்! புது மண் வகைன்னு டில்லிக்கே எழுதிட்டேன்.”

“மேட்டுல அட்டை கடிக்குதுன்னு எங்க அடுப்படிக்குப் பின்னாலதானே தோண்டினீங்க?”

“ஆமா, அதுக்கென்ன?”

“அரே சார், நாலு வருஷமா அடுப்புச் சாம்பலை அங்கதான் கொட்டறேன்.”

குழந்தைவேலு அறிக்கையை மடித்தார். சந்திரமதி விடவில்லை.

“டில்லிக்காரங்க இன்னும் மண்ணு கேட்டா சொல்லுங்க. இன்னைக்குச் சாம்பல் சூடாவே இருக்கு.”